மூன்றாம் ஆள்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் புஷ்பலீலா தனியாக இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், மகள் புனேயில். ஊரடங்கில் சர்ச் பூட்டிக் கிடந்தபோது எல்லோரையும் போல அவளும் டி.வி. முன்னால் ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்துத் திருவிருந்து எடுத்தாள். சர்ச் திறந்ததும் மற்றவர்கள் போனார்கள். அவள் போகவில்லை.

போனால் ஜாய்ஸ் அக்காவின் முகத்தில் விழிக்க வேண்டும். மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "வளத்த லட்சணம்" என்றவள் ஜாய்ஸ். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. பிரசங்கியார் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தால் வேறொரு பிரசங்கியாருக்குப் போய்விடலாம்.

"எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல மூணாம் ஆள் எதுக்கு?" என்று மகளிடம் போனில் கேட்பாள்.

மழைக்காலம் தொடங்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யூடியூபில் ஒருவர் கண்ணை மூடி, "மார்பில் கட்டியோடு பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரியே, இந்த நிமிஷம் உனக்குச் சுகம்" என்றார். அவளுக்கு மெய் சிலிர்த்தது. தினமும் அதையே போட்டுத் திரையில் உள்ளங்கையை வைத்தாள். கட்டி இறுகிற்று. இடது கை கனத்தது. வளையல் கழல மறுத்தது.

ஒருநாள் வீடியோவை நிறுத்தாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். கடைசியில் அவர் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். வெளியே ஆகஸ்ட் மழை. எந்த வருஷத்துப் புத்தாண்டு? அவர் எப்போதோ யாரையோ கூப்பிட்டிருக்கிறார். தான் இந்தத் தரையில் செத்துக் கிடந்தாலும் அவர் அதே சிரிப்போடு வாழ்த்திக்கொண்டிருப்பார்.

ஞாயிறன்று மெட்ரோவில் மெட்டுகுடா போய்ச் சர்ச்சின் கடைசி பெஞ்சில் ஒண்டினாள். முன்னாலிருந்து திரும்பிப் பார்த்த ஜாய்ஸ் எழுந்து வந்தாள்.

"வந்துட்டியா மகாராணி?"

"உங்களப் பாக்க வரல."

"ஹவ், ஆமா, தெரியும். தள்ளி உக்காரு."

திருவிருந்துக்கு முன் ஆயர் பீடத்திலிருந்து கொடுக்கும் சமாதானம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். ஒருவர் கைகளுக்குள் அடுத்தவர் கைகள். பக்கத்தில் யார் இருந்தாலும் நீட்டியாக வேண்டும். டி.வி. முன்னால் அவள் தாண்டிப் போன இடம் இதுதான். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீட்டுடி" என்றாள் ஜாய்ஸ்.

நீட்டினாள்.

"சமாதானம் உன்னோட..." ஜாய்ஸ் பாதியில் நின்றாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் விரல்கள் வளையல் பதிந்த இடத்தைத் தடவி முழங்கை வரை ஏறின.

"கை எதுக்குடி இப்படி வீங்கிருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீரு."

"யாரு சொன்னா?"

பாட்டு தொடங்கியது. ஜாய்ஸ் கையை விடவில்லை. திருவிருந்துக்கும் அப்படியே கூட்டிப் போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் ஆயரின் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அக்குளை அமுக்கினாள். மார்பை அமுக்கினாள். ஓரிடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"திட்டுங்கக்கா" என்றாள் புஷ்பலீலா. "ஏதாவது சொல்லித் திட்டுங்க."

ஜாய்ஸ் திட்டவில்லை. ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவளே மாட்டிவிட்டாள்.

"காலைல வரேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம். உன் வீட்டுச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

புஷ்பலீலா பையைத் துழாவி மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.