'கிணறு' ஆல்பத்தில் ஒரு புதுச் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிடித்த ஆல்பங்களைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள அந்தத் தெருவில் ஆளே கிடையாது. பாட்டு என்றால் ஒரு பல்லவி வேண்டாமா? தாளமாவது வேண்டாமா? அவரிடம் இருந்த ஒன்றில் முழுக்க வயலின் வில்லால் தகரத்தை அறுக்கிறார்கள். இன்னொன்றில் ஒருத்தி பாட வாயைத் திறந்து மூச்சு மட்டும் விடுகிறாள். நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவரே தகரம், மூச்சு என்று பெயர் வைத்துக்கொண்டார். உயிருக்கு உயிரானது 'கிணறு'. அடியாழத்தில் ஒரு முனகல். அது மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும்.

"மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குங்க, தண்ணி வழியப்போவுது" என்று மாடிவீட்டுக்காரர் அக்கறையாக எச்சரித்துவிட்டுப் போவார். மகள், தான் ஹாஸ்டலுக்குப் போனதே அதற்குப் பயந்துதான் என்பாள். மனைவி மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நெசவு மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்குங்க" என்பாள். கொடுத்துவைத்த மனுஷன்!

அந்த மனுஷனுக்குத்தான் சோதனை வந்தது. ஒரு சாயங்காலம் கிணறு அடங்கும் இடத்தில் மெல்லிசாக ஒரு 'கொய்ங்'. மனப்பாடமான ஆல்பத்தில் அப்படியொரு சத்தம் கிடையவே கிடையாது. 'மூச்சு' போட்டுப் பார்த்தார், அதிலும் இருந்தது. தகரத்தில் காணோம். அந்த இரைச்சலில் எதுதான் கேட்கும்? ஆக, சத்தம் ஆல்பத்தில் இல்லை, தன் காதில்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

அவர் பிழைப்பே காதில் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துத்தான் பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கும் இப்படித்தான் ஒரு ரீங்காரமாக ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற பிள்ளை பேசினால்கூட "ஆங்? ஆங்?" என்று விழித்துக்கொண்டு நின்றார். டாக்டரிடம் போகலாம்தான். போய், ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அட, போகாவிட்டால் மட்டும் காது சரியாகிவிடுமா! ஆனால் பயந்தவனிடம் நியாயம் பேசி யார் ஜெயித்தார்கள்? வேலையில் ஒவ்வொரு மோட்டாரையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

"என்னமோ மாதிரி இருக்கீங்களே" என்றாள் மனைவி, வைத்த கண் வாங்காமல் பார்த்து. அவள் பேச்சே அப்படித்தான். தறிகள் போடும் சத்தத்தில் மில்லில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, அலுப்பு."

லீவுக்கு மகள் வந்தாள். கொய்ங் போய்விட்டதா என்ற நப்பாசையில் அவர் மறுபடி கிணறு போட்டார். முனகல் அடங்கியதுதான் தாமதம், மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, அந்தக் கொய்ங்கை நிறுத்துங்களேன், பல்லு கூசுது."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குக் கேக்குதா? நிஜமாவா?"

"கேக்காம? இந்த சார்ஜர்தான்பா." ப்ளேயருக்குப் பக்கத்தில் அம்மா புதிதாக வாங்கிச் செருகியிருந்த சார்ஜரை அவள் பிடுங்கினாள். சத்தம் நின்றது. செருகினாள், வந்தது. பிடுங்கினாள், போயே போச்சு.

மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. மகளும் சிரித்தாள். சுவரிலிருந்த ப்ளக்கைப் பார்த்தபடியே, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இப்படிக் கத்தறதை எங்க போய்ப் பிடிச்ச? இத்தனை நாளா என் உயிரை எடுத்துடுச்சு."

பின்னால் துணி உதறும் சத்தம்தான் வந்தது.

"உன்னைத்தாம்மா. உனக்கு இது கேக்கவே இல்லியா?"

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இருவரும் சிரித்ததால் அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அவருக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கல்யாணமான புதிதில் வைத்த செல்லப்பெயரைச் சொல்லி, சுவரைப் பார்த்தே ஒரு தடவை கூப்பிட்டார். அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அப்புறம்தான் திரும்பினார். அவர் முகத்தைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. துணி கையிலிருந்து நழுவியது.

எப்போதிலிருந்து என்று கேட்க வாயைத் திறந்தார். குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் அவள் பதில் சொன்னாள்.

"நாலஞ்சு வருஷமா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. மில்லுல தெரிஞ்சா தறியில நிக்க விடமாட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க."

அழுகையை மறைக்க அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் பதறி எழுந்து வந்து, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"திரும்பாதீங்க. அழறதுன்னா என்னைப் பாத்து அழுங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா வீட்டுல யாருமே இல்லாத மாதிரி ஆயிடுது. எனக்குப் பயமா இருக்குங்க."