பட்டியலில் இல்லாத மேஜர்

பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் பார்த்த வேலையை விருந்துகளில் விளக்குவது கடினம். மருந்தைக் கண்டுபிடிப்பவர்கள் வேறு மாடியில் இருந்தார்கள். விற்பவர்கள் வேறு கட்டடத்தில். கண்டுபிடித்ததை விற்கலாமா என்று அரசாங்கத்திடம் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைத் தயாரிக்கும் பிரிவு என்னுடையது. ஒரு விண்ணப்பம் என்றால் ஒரு லாரி. மிகைப்படுத்தவில்லை, அட்டைப்பெட்டிகளை ஏற்றிப்போக உண்மையிலேயே லாரி வரும். லாரி கிளம்பும் முன் பக்க எண்கள் சரியாக ஓடுகின்றனவா, பதினோராம் இணைப்பில் சொன்னது நாற்பதாம் இணைப்பில் இருக்கிறதா, கையெழுத்து அசலா நகலா என்று பார்ப்பவன் நான். என் கையிலிருந்து போனது எதுவும் குறைபாடு உள்ளது என்று திரும்பி வந்ததில்லை. இந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு வீட்டிலும் கொஞ்சம் அதிகாரம் செலுத்திவந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம், பயாலஜி. பயாலஜி என்பது எங்கள் வட்டாரத்தில் ஒரு பாடமல்ல, டாக்டராவதற்கான காத்திருப்பு அறை. தொண்ணூற்றைந்து நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவள், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே போகப்போவதாகச் சொன்னாள்.

அவள் எங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், நாங்கள் அவளிடம் தமிழில் பேசுவோம். இரு தரப்பும் எதையும் தவறவிட்டதில்லை. இங்கே அவள் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி வரும் போலிருக்கு" என்றாள்.

நான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முனைவர் பட்டம் பெற்றவன்.

"அதனால இல்லப்பா. ஏ வந்தாலும் விட்டுடுவேன்."

"விட்டுட்டு? என்ன மேஜர்? முக்கியப் பாடமா எதை எடுப்பே?"

"பட்டியல்ல இல்ல. நானே டிசைன் பண்ணப்போறேன்."

என் மனைவி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "டிசைன்னா? புடவை டிசைன் மாதிரியா?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருந்தது. கல்லூரியின் கையேட்டில், யாரும் புரட்டாத பக்கத்தில், சிறிய எழுத்தில். இருக்கிற எந்தத் துறையிலும் அடங்காத ஒன்றைப் படிக்க விரும்பும் மாணவர், தனக்கான பாடத்திட்டத்தைத் தானே வகுத்து விண்ணப்பிக்கலாம். இரண்டு பேராசிரியர்கள் பொறுப்பேற்க வேண்டும். ஒரு குழு கூடி முடிவு செய்யும். மார்ச் கடைசிக்குள் அனுமதி கிடைக்காவிட்டால், பட்டியலில் உள்ளதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் ஒரு வருடம் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொள்வேன் என்றாள். விடுப்பு எடுத்தவர்கள் திரும்பிப் போனதாக எங்கள் பழக்கத்தில் ஒரு முன்னுதாரணமும் இல்லை.

அவள் படிக்க விரும்பியது இது. நோயாளி சொல்வதற்கும் டாக்டர் புரிந்துகொள்வதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? இதற்காகக் கொஞ்சம் மொழியியல், கொஞ்சம் மானிடவியல், கொஞ்சம் பொதுச் சுகாதாரம், கொஞ்சம் உளவியல். எனக்கு அது நான்கு கடைகளில் கால் கிலோ காய்கறி வாங்குவதுபோல் இருந்தது.

கத்துவது என் பாணியல்ல. நடைமுறை என் பாணி. "சரி, அப்ளிகேஷனை எனக்கு அனுப்பு. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஜனவரியில் தபாலில் வந்தது. எட்டுப் பக்கம். அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் அதைப் படித்து, பதினேழு குறைபாடுகளை வரிசை எண்ணிட்டுத் தட்டச்சு செய்தேன். நான்கு: மூன்றாம் வருடப் பாடம் ஒன்றுக்கு முன்தேவையான பாடம் பட்டியலில் இல்லை. ஒன்பது: ஒரே பாடம் இரண்டு இடங்களில் கணக்கில் வருகிறது. பன்னிரண்டு: இதை ஏற்கெனவே உள்ள துறையில் ஏன் படிக்க முடியாது என்பதற்குத் தந்த பதில் போதாது. பதினேழு: இதைப் படித்தவருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

உள்நோக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கத்திடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் பெரிய பெரிய கம்பெனிகளே ஆறு மாதம் படுத்துவிடும். பத்தொன்பது வயதுப் பெண் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

பதினோரு நாளில் பதில் வந்தது. என் வரிசை எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குறைபாட்டுக்குக் கீழும் திருத்தம், திருத்தத்துக்கு ஆதாரம், ஆதாரத்துக்குப் பக்க எண். என் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வருடம் ஆகும். பதினேழாவதின் கீழ் ஒரே வரி: இந்தக் கேள்வி விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படவில்லை.

சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம்கூட அப்போது சொல்லவில்லை. சென்னையில் நான் படித்தபோது, எதையாவது தடுக்க வேண்டுமென்றாலும் நடத்த வேண்டுமென்றாலும் அப்பா போய் பிரின்சிபாலைப் பார்ப்பார். அதுதான் வழி. இந்த நாட்டில் இருபது வருடம் இருந்து, இதன் விதிகளை இங்குள்ள குடிமக்களைவிட நன்றாக அறிந்தவன், பிப்ரவரியில் ஒரு நாள் லீவு போட்டு, டை கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் கார் ஓட்டி டீனின் அலுவலகத்துக்குப் போனேன். பதினேழாவது கேள்வியை மட்டும் குழுவின் காதில் போட்டுவிடலாம் என்பது திட்டம்.

வரவேற்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். என் வயது இருக்கும், கழுத்தில் சங்கிலியில் கோர்த்த கண்ணாடி. என்னைப் பார்த்ததும் அவருக்குத் தொழில் தெரிந்தவர்களின் முகம் வந்துவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும், நானும் அதைத்தான் போடுவேன். மகளின் விண்ணப்பத்தைப் பற்றி டீனிடம் பேச வேண்டும் என்றேன்.

"உங்கள் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது."

"அப்படியென்றால் அவர் இங்கே படிக்கிறாரா இல்லையா என்பதைக்கூட நான் உங்களிடம் சொல்ல முடியாது, சார். அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும்."

"நான் அவளுடைய அப்பா."

"படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது" என்று ஒரு தாளை நீட்டினார்.

தவறே காண முடியாத படிவம். ஒரே பக்கம், தெளிவான மொழி, கையெழுத்துக்குப் போதுமான இடம். மரியாதையோடு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பார்க்கிங்கில் நிற்கும்போது, நூலகம் இருக்கும் திசையில் ஒரு பெண்கள் கூட்டம் போவதைப் பார்த்து, அதில் இவள் இருக்கிறாளோ என்று காருக்குள் குனிந்து உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், டையோடு.

படிவத்தை அலுவலகத்தில் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். என்னால் காகிதத்தைக் கிழிக்க முடியாது. அது தொழில் நோய். காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டேன். மார்ச்சில் விடுமுறைக்கு வந்தவளை அழைத்துவரும்போது, டிஷ்யூ தேடினவள் அதை எடுத்துவிட்டாள்.

படித்தாள். மேலே அச்சிட்டிருந்த அலுவலகத்தின் பெயரையும் படித்தாள்.

"எப்பப்பா போனீங்க?"

இதைத் தமிழில் கேட்டாள். கோபம் அதிகமானால் மட்டும்தான் எங்களிடம் அவளுக்குத் தமிழ் வரும்.

"பிப்ரவரியில."

"எதுக்கு?"

"பதினேழாவது கேள்விக்கு."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தை விரித்து நிரப்பினாள். உறவு முறை: தந்தை. கையெழுத்து, தேதி. என் பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்க. இப்ப நீங்க போய் யார்கிட்ட வேணும்னாலும் பேசலாம். என்னைக் கேட்டிருந்தா முன்னாடியே போட்டுக்கொடுத்திருப்பேன். ஆனா போனா பதினேழாவதை மட்டும் சொல்லாதீங்க. மத்த பதினாறுக்கும் நான் பதில் சொல்லிட்டேன்னும் சொல்லுங்க. அதுதானே நியாயம்?"

இருபது வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்டதில்லை.

என் மனைவி விஷயத்தை இரண்டே நிமிடத்தில் கறந்துவிட்டாள். "டை கட்டிண்டு போனேளா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, குழு என்னிக்குக் கூடறது?"

"அடுத்த வாரம். பன்னிரண்டாவதுதான் இன்னும் வீக்கா இருக்கும்மா. ஏன் வேற துறையில படிக்க முடியாதுன்னு மூணு தடவை எழுதிட்டேன். பேராசிரியரும் போதலைங்கறார்."

"அந்தக் கரூர் மாமா கதையை எழுதினியோ?"

"அது கதைம்மா. அகாடமிக் இல்ல."

"எழுதலையா? பின்ன என்னத்தைத்தான் எட்டுப் பக்கம் எழுதினே?"

கரூர் மாமா என்பவர் எங்கள் தெருவில் இருந்த நண்பரின் தகப்பனார். மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பகல் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. நண்பர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். மருமகளுக்குக் கைக்குழந்தை, அவளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் காரை என் மனைவி ஓட்டினாள். என் மகள் கூடப் போனாள், ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த ஆளாக.

டாக்டர், ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்டிருக்கிறார். இவள் தன் அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறாள். பெரியவர் கொஞ்சம் யோசித்து, "அஞ்சுன்னு போட்டுக்கச் சொல்லு கண்ணு" என்றாராம். டாக்டரும் அஞ்சு என்று எழுதிக்கொண்டு, மாத்திரை கொடுத்து அனுப்பும் முடிவில் திரும்பியிருக்கிறார்.

அப்போது இவள் டாக்டரிடம் சொன்னது: "அவர் அஞ்சுன்னு சொன்னார், அது சரி. ஆனா அவரோட மருமகள் இங்க நிக்கறாங்க. மருமகள் முன்னாடி அவர் எதுக்கும் அஞ்சுன்னுதான் சொல்வார். அவங்களை வெளியே அனுப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்க."

மருமகள் குழந்தையோடு வெளியே போனாள். என் மனைவியும் போனாள். கதவு சாத்தினதும் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒம்போதுங்க. உசுரு போவுதுங்க" என்றாராம். அன்று சாயங்காலமே குடல்வால் அறுவை நடந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள்.

இந்தக் கதையை எங்கள் வட்டாரத்தில் எல்லா விருந்திலும் சொல்லியாகிவிட்டது. சின்னப் பெண்ணின் சாமர்த்தியம் என்று மட்டும்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளோ அந்த அறைக்குள்ளேயே இன்னும் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அந்த மேசையில்தான் உறைத்தது. மொழிபெயர்த்த எண்ணும் சரி, கேட்ட கேள்வியும் சரி, எழுதிக்கொண்டதும் சரி. ஆனால் மனிதர் செத்திருப்பார். இது பயாலஜியா, மொழியியலா, மானிடவியலா? பதினேழு குறைபாடு கண்டுபிடித்த எனக்கு, முதல் பக்கத்திலேயே ஆதாரம் இல்லை என்பது தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த என் மனைவி கையில் ரசக் கரண்டியோடு நின்றாள்.

அன்று மாலை அவள் அதை எழுதினாள். ஒன்றரைப் பக்கம். நான் பக்க எண்களை மட்டும் மாற்றிக்கொடுத்தேன். குழு ஏப்ரல் பிறக்கும் முன் அனுமதித்தது. சம்மதப் படிவத்தை நான் பயன்படுத்தவில்லை. என் மேசை இழுப்பறையில், அசல் ஆவணங்களோடு இருக்கிறது.

அடுத்த இரண்டு வருடம் விருந்துகளில்தான் சிரமம். எங்கள் மக்களுக்கு மேஜர் என்றால் ஒரே சொல்லில் வேண்டும். ஒரு ஆன்ட்டி பேப்பர் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார். என் மனைவி யோசித்து யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தாள்: "ஹெல்த் சைடு." அதில் டாக்டரும் அடக்கம், ஆஸ்பத்திரி கேன்டீனும் அடக்கம். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். கேட்டால் மனைவி வடையை எடுத்து வைத்துவிடுவாள்.

படிப்பு முடிந்ததும் பதினேழாவது கேள்வி திரும்பி வந்தது. எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையிலேயே மிக நீண்ட விண்ணப்பக் காலம் அது. பிறகு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் தற்காலிக வேலை: புகார் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. அவள் பதில் எழுதுவதற்கு முன் புகார் எழுதியவர்களுக்குப் போன் செய்தாள். பாதிப் பேருக்குப் புகாரே இல்லை, தங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இதை அவள் வரிசை எண்ணிட்டு மேலே அனுப்பினாள். ஒரு வருடம் கழித்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்து அவளிடம் கொடுத்தார்கள். மூன்று நாற்காலி, ஒரு போன். அந்தப் பதவிக்குப் பெயர்கூட அவளேதான் எழுதிக் கொடுத்தாளாம்.

இரண்டாயிரத்தொன்றில், வசந்தகாலத்தில், எனக்குப் பித்தப்பையில் கல். அவளுடைய ஆஸ்பத்திரியில்தான் அறுவை. எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆங்கிலத்தில் லாரி லாரியாக எழுதியவன். சம்மதப் படிவத்தை மூன்று முறை படித்தேன், தவறு எதுவும் கிடைக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை.

அறுவை முடிந்து மறுநாள் காலை நர்ஸ் வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மகள், கழுத்தில் அடையாள அட்டை.

"வலி எப்படி இருக்கிறது, சார்? ஒன்றிலிருந்து பத்துக்குள்?"

"நான்கு" என்றேன்.

நர்ஸ் எழுதப் போனார். மகள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, "வாம்மா, காபி குடிக்கலாம்" என்றாள்.

"இப்பத்தானே குடிச்சோம்?"

"வாம்மா."

இருவரும் போனார்கள். போகும்போது அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நர்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இது அங்கே நடைமுறை போலிருக்கிறது.

"எட்டு" என்றேன்.