தேனுக்கு எத்தனை சாட்சி

நசரத்பேட்டைக்கு அப்பால் ஒரு கலைக் கல்லூரியில் உதவி நூலகராக இருக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்குத் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் தெரிகிறதா என்று பார்க்க, நூலகத்தின் சார்பில் ஆண்டுதோறும் ஒரு தேர்வு வைப்போம். ஒரே கேள்வி, ஒரு வார அவகாசம். விடையோடு, அது எங்கே கிடைத்தது, அதை ஏன் நம்பினாய் என்றும் எழுத வேண்டும்.

இந்த முறை கேள்வியைத் தேர்ந்தெடுத்தது நான்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா?

அது என் வீட்டுக் கேள்வி. மகனுக்கு எட்டு மாதம். பிறந்த அன்றே சேனை வைக்க, அவன் நாவில் தேன் தொட்டுத் தடவ, என் மாமியாரான அத்தை ஆசைப்பட்டார். ஆஸ்பத்திரியில் விடவில்லை. அந்தக் குறை அவருக்கு இன்னும் ஆறவில்லை. அவன் இருமினாலே, "ஒரு சொட்டு தேன் வச்சா சரியாப் பூடும்" என்பார். நான் வேண்டாம் என்பேன். பிறகு அவர் கையிலேயே குழந்தையைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன்.

தாள்கள் வந்தன. பாதிப் பேருக்கு மேல் 'கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். குமணன்சாவடியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தன் தாளோடு மேசைக்கு வந்தான்.

"இன்னா மேம், முட்டை போட்டுட்டீங்க?"

"விடை தப்புப்பா. தேன்ல ஒரு கிருமி இருக்கலாம். அபூர்வமாத்தான் வரும், ஆனா கைக்குழந்தைக்கு வந்தா உயிருக்கே ஆபத்து."

"மூணு எடத்துல ஒரே மாரி இருந்தா நம்பலாம்னு நீங்கதான மேம் சொன்னீங்க? நா அஞ்சு வீடியோ பாத்தேன். அஞ்சுலயும் ஒரே மாரி கீது."

பக்கத்திலிருந்த அவன் நண்பன், "அஞ்சுலயும் ஒரே ஆளு மச்சான். சட்டைய மட்டும் மாத்திகினு வரான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அந்த விதியை வகுப்பில் சொன்னது நான்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்வதையெல்லாம் தனித்தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது என்று சொல்லத் தவறிவிட்டேன். அத்தையும் இதையேதானே சொல்கிறார்? அவர் பிள்ளைகளுக்கு வைத்தார், அவர் அக்கா வைத்தார், எதிர்வீட்டில் வைத்தார்கள், யாருக்கு என்ன ஆனது? நான் மாணவர்களைச் சோதித்தேனா, அத்தைக்கு எதிராக ஆள் சேர்த்தேனா என்றும் உறுத்தியது.

கடைசியாகத் திருத்தியது பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் தாள். கொடுக்கக் கூடாது என்று எழுதி, ஆதாரமாக 'தடுப்பூசி போடும் நர்ஸ், நேரில் கேட்டது' என்று குறித்திருந்தாள். கூப்பிட்டு விசாரித்தேன்.

"எங்க வீட்லயும் பொறந்த கொழந்தைக்குத் தேன் வைப்பாங்க, மேம். புக்ல போட்டிருக்குன்னா அம்மா ஒத்துக்கல. அக்கா கொழந்தைக்கு ஊசி போடப் போறப்ப அம்மாவையும் கூட்டினு போயி, அவங்க எதிர்லயே கேட்டேன்."

எங்கள் விடைக்குறிப்பில் நேரில் கேட்டதற்கு இடமே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். தலைமை நூலகர் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அத்தை, காலையில் இருமிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருமல் கொறஞ்சிருக்கே, அத்தை."

"கொறையாம?"

தேன் வைத்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. இல்லை என்றால் நம்புவேனா? நம்பாவிட்டால் நாளைக்கு அவனை யாரிடம் விடுவேன்?

"அடுத்த மாசம் ஊசி இருக்கு அத்தை. நீங்களும் வாங்க. தேன் வைக்கலாமான்னு நர்ஸ்கிட்ட நீங்களே கேளுங்க."

"வைக்கலாம்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாங்க."

"சொல்லிட்டா இன்னா செய்வ?"

"அப்பவும் வேணாம், அத்தை."

"அப்ப என்ன எதுக்குக் கூட்டினு போற?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போனேன். தேன் பாட்டிலை எடுத்து மேல்தட்டில், எனக்கு எட்டிய வரை உள்ளே தள்ளி வைத்தேன். அத்தை என்னைவிட உயரம்.