கேக்குக்காக மாட்டிய கம்பி

குமுளி மலைப்பாதையில் கல்யாணக் கேக்கைக் கவிழ்த்தவள் நான். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது வழக்கம், ஏனென்றால் எங்கள் கம்பம் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. மூன்றடுக்குக் கேக். வெள்ளைக் க்ரீம், அடுக்குகளைச் சுற்றிக் க்ரீமில் படர்ந்த பூங்கொடி, உச்சியில் சர்க்கரையில் செய்த ரோஜா. லோயர் கேம்ப் தாண்டி ஒரு வளைவில் இடப்பக்கம் ஒடித்து, மூச்சு விடுவதற்குள் வலப்பக்கம் ஒடிக்க வேண்டியிருந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிராமலே மறுபக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் கேக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் "போச்சு" என்றார்.

அவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே மலைப்பாதையில், ஓடும் பஸ்ஸில், எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதர். அவராலேயே அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. மேல் இரண்டு அடுக்குகளும் அவர் சட்டையில் இருந்தன. அடித்தட்டு மட்டும் குமுளி மண்டபம் போய்ச் சேர்ந்தது. அதைப் பின்கட்டில் வைத்துத் துண்டு போட்டுப் பந்தியில் பரிமாறிவிட்டார்கள். மணமக்கள் கேக் வெட்டவே இல்லை, அதனால் அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் கேக் வெட்டும் படமும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து அவளே போன் செய்தாள்.

"அக்கா, என் தங்கச்சிக்குக் கல்யாணம். கேக் நீங்கதான் போடணும்."

"ஏம்மா, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா ஒனக்கு?"

"அன்னைக்கு அந்த அடித்தட்டை எல்லாரும் வெரலை நக்கிக்கிட்டே தின்னாக. அதே ருசி வேணும். ஆனா இந்தத் தடவ நிமுந்து வரணும்க்கா. எனக்குத்தான் கொடுத்து வைக்கல."

போனை வைத்ததும் அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு வண்டிச் சாவியை எடுத்தேன்.

அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே வைத்து அடுக்கலாமே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். அடுக்கலாம். ஆனால் அந்தக் கொடி, கீழிருந்து மேல்வரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். மண்டபத்து நெரிசலில் ஆளாளுக்கு முழங்கையால் இடிக்க, அவசரமாகப் போட்டால் அது கொடியாக இருக்காது, கிறுக்கலாக இருக்கும். என் கேக் என் சமையலறையில் முடிந்துதான் படி இறங்கும். பிடிவாதம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கூடலூரில் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கணவரோடு போனேன். என் கார் உயரமானது, பழையது, வளைவில் ஆளைத் தாலாட்டும். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் குனியச் சொன்னார். இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு வளைந்த கம்பி ஓடியது.

"ஸ்டெபிலைசர் பாருங்க்கா. வண்டி ஒரு பக்கம் அமுங்குனா, இது முறுக்கிக்கிட்டு மறுபக்கத்தையும் சேத்து இழுத்துப் புடிக்கும், சாய விடாது. ஒங்க வண்டியில பேருக்கு ஒண்ணு கெடக்கு. கனமா ஒண்ணு போட்டுருவோம்."

"மெதுவாப் போனாப் போதாதா?" என்றார் என் கணவர்.

"பின்னால வர்ற ஜீப்புக்காரன் விடுவானா? நீங்க இருந்த பஸ்ஸு எவனையாச்சும் மெதுவாப் போக விட்டுச்சா?" என்றேன்.

கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்குச் சாமான் செய்யும் ஒரு பட்டறையிலிருந்து, சாக்கில் சுற்றி, கம்பி வந்து இறங்கியது. சிவப்புப் பெயின்ட், என் கட்டைவிரல் கனம். கூடவே புஷ் என்கிற ரப்பர் வளையங்கள், ஒரு சின்ன ட்யூபில் வெள்ளை கிரீஸ், மாட்டும் முறையை எழுதிய ஒரு தாள். தாளை நான் வரி விடாமல் படித்தேன். மெக்கானிக் அதை எண்ணெய்க் கை துடைக்க எடுத்துக்கொண்டார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, எல்லா போல்ட்டையும் முறுக்கி முடித்தார். "தரையில நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கணும்னு அந்தத் தாள்ல போட்டிருக்கு" என்றேன்.

"எத்தனை ஜீப்புக்கு மாட்டியிருக்கேன்! தாளைப் பாத்தா நீங்க கேக்கு சுடுறீக?"

"ஆமா. அளவைப் பாத்துத்தான் சுடுறேன். அதான் வேகுது."

பட்டறையில் நின்றிருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் முறைத்துக்கொண்டே போய்விட்டார். வண்டி ஊருக்கு வருவதற்குள், ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிட்டது.

இங்கேதான் என் கணவர் உள்ளே நுழைந்தார். எங்கள் பக்கம் கதவு கத்தினாலும் தேங்காய் எண்ணெய், ஊஞ்சல் கத்தினாலும் தேங்காய் எண்ணெய். நான் குளிக்கப் போன நேரத்தில், காமயகவுண்டன்பட்டிச் செக்கில் ஆட்டிய நல்ல தேங்காய் எண்ணெயை அரைச் சொம்பு, புஷ்மேல் ஊற்றிவிட்டார். இரண்டு நாள் சத்தமே இல்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார். மூன்றாம் நாள் எண்ணெய் குடித்த ரப்பர் உப்பிப்போய், கம்பி இடமும் வலமும் நழுவி, 'டொக்கு டொக்கு' என்று இடித்தது. இன்ஜின் சூட்டில் வண்டிக்குள் தாளிப்பு வாசம் வேறு.

மறுபடியும் கூடலூர். மெக்கானிக் அடியில் படுத்தார், மோந்து பார்த்தார், வெளியே வந்து என் கணவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, கொழம்பா வைக்கிறீக?" சிரித்து முடிக்க அவருக்கு ஒரு டீ தேவைப்பட்டது. ஆனால் நல்ல மனுஷன். எண்ணெய்க் கறை படிந்த தாளை மேஜையடியிலிருந்து தேடி எடுத்து, "படிங்க்கா, கேக்குறேன்" என்றார். நான் படிக்கப் படிக்க அவர் செய்தார். புது ரப்பர் போட்டு, அதற்கென்று வந்த வெள்ளை கிரீஸைத் தடவி, வண்டியை, அடியில் நின்று வேலை பார்க்கிற பட்டறைப் பள்ளத்தின்மேல், நான்கு சக்கரமும் தரையில் நிற்க நிறுத்தி, கீழே இறங்கி நின்று முறுக்கினார். கத்தலும் போனது, இடிப்பதும் போனது.

சோதனைக்கு மோர். ஒரு சொம்பு நிறைய மோரைக் கணவரின் மடியில் கொடுத்து மலை ஏறினேன். பழைய கம்பியோடு இதே சோதனை செய்தபோது அவர் வேட்டி முழுக்க நனைந்து, குமுளியில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். இப்போது உள்ளங்கை அகலம் ஈரம். மிச்ச மோரை அவரே குடித்துவிட்டார். ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும்: எந்தக் கம்பி போட்டாலும் வளைவு வளைவுதான், பொருளை வெளிப்பக்கம் தள்ளத்தான் செய்யும். ஆனால் வண்டி குப்புற விழுவதுபோல் சாய்ந்து, சட்டென்று மறுபக்கம் எறியும் அந்தக் கெட்ட குணம் போய்விட்டது. பதிலுக்கு, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இரண்டும் சேர்ந்து குதிக்கின்றன. அதனால் அந்தப் பாதையில் எந்தக் குழி எங்கே என்று பாடமாக வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். கணவர் பின்சீட்டில் கேக்கோடு உட்கார்ந்து, "போலாம் ரைட்" என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் பஸ்ஸில் சொல்வதுபோலவே குரல் கொடுத்தார். "லெப்டு வருது, லெப்டு... மெல்ல... ரைட்டு, ரைட்டு." பழைய இடம் வந்தது. இடம் ஒடித்தேன், வலம் ஒடித்தேன். பின்னால் சத்தம் இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயம்.

"என்னங்க?"

"நிக்குது," என்றார். பிறகு கண்டக்டர் விசிலை, எங்கிருந்து எடுத்து வந்தாரோ, காது கிழிய ஊதினார். பின்னால் வந்த ஜீப்புக்காரர் பயந்து பிரேக் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியதுதான் அன்றைக்கு வந்த ஒரே ஆபத்து.

மண்டபத்திலிருந்து எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். எனக்குப் போன் செய்த அக்காக்காரியும் அவள் கணவரும் மட்டும் கேக்கை வாங்கி வைக்கக் காத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்தேன். கொடி கீழிருந்து மேல்வரை ஓடியது, ரோஜா உச்சியில் இருந்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு மேஜையில் ரிப்பன் கட்டி வைத்திருந்த கத்தியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"வெட்ட மாட்டோம்க்கா, பயப்படாதீக. சும்மா புடிச்சுக்கிறோம். அண்ணே, ஒரு போட்டோ எடுங்க. அவுக வர்றதுக்குள்ள."

என் கணவர் போனை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு படம் எடுத்தார். இரண்டிலும் அவர்கள் தலை பாதிதான் விழுந்திருந்தது. கேக் மட்டும் நேராக இருந்தது. அவள் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எடுங்கண்ணே" என்று சிரித்தாள். நான் போனைப் பிடுங்கி, மூன்றாவதை நானே எடுத்தேன்.