ரத்தினம் குடிக்காத தண்ணீர்

போன சனிக்கிழமை ஹரிஸ் பார்க் இந்தியக் கடைத்தெருவில் ஜிலேபி வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானே பாம்புக்குத் தண்ணி வைச்ச பிள்ளை?"

"ஆமா ஆன்ட்டி, நானேதான்!"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வாரப் பத்தி முழுக்க என் சுயபுராணம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், என்ஜினியர். நான் திருநெல்வேலி. செவன் ஹில்ஸில் குடியிருக்கிறோம். கூடவே ரத்தினமும் குடியிருக்கிறான். ரத்தினம் என்றால் ஏதோ பெரியப்பா என்று நினைக்காதீர்கள்... ஆறடி மலைப்பாம்பு! உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. முறையாக லைசென்ஸ் வாங்கி, வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டு கட்டி, ஹீட்டர் போட்டு வளர்க்கிறார் மனுஷன். மூன்று வருஷமாக நான் அந்தக் கூண்டுப் பக்கம் போனதில்லை. டிவி பார்ப்பதுகூட கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு மெல்பர்னில் இரண்டு வாரம் வேலை. கிளம்பும்போது கூண்டு முன்னால் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"சாப்பாடு குடுத்திட்டன், நீர் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. தண்ணி மட்டும் ஒவ்வொரு நாளும் மாத்தும். ஹீட்டர் சூட்டில அவனுக்குத் தண்ணிதான் உயிர். என்ன, விளங்கிச்சோ?"

"அதெல்லாம் பாத்துக்குவேன். நீங்க கிளம்புங்க!" என்றேன். நம் வாய்க்கு என்ன, பேசிவிடும். செய்ய வேண்டியது கை அல்லவா?

சமையலறை இடுக்கியை எடுத்தேன். கை முழுக்க நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, தண்ணீர்ச் சட்டியைப் பிடித்து இழுத்து, கழுவி, நிரப்பி, திரும்பத் தள்ளினேன். முதல் நாள் தப்பித்தேன்.

இரண்டாம் நாள் ரேடியோவில் சொன்னார்கள், குழாய்த் தண்ணீரில் கிருமியாம், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டுமாம். ஊரே பரபரத்தது. நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் என்றைக்கு ஐயா பச்சைத் தண்ணீர் குடித்தோம்?

மெல்பர்னிலிருந்து போன். "ரத்தினத்துக்கும் கொதிக்க வைச்சு, நல்லா ஆற வைச்சுத்தான் வையும், சரியோ?"

"சரி சரி."

அப்படியே செய்தேன். ஆனால்... ரத்தினம் குடிக்கவில்லை. இரண்டு டம்ளர் ஊற்றினால், மறுநாள் ஏறக்குறைய இரண்டு டம்ளரே திரும்பி வந்தது. மூன்று நாள், நாலு நாள். அவன் கண்ணில் நீலம் பூத்தது. தோல் மங்கியது. அது சட்டை உரிக்கப் போகும் அறிகுறி என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீர் குறைந்தால் தோல் பாதியில் ஒட்டிக்கொள்ளும், கண்ணிலும் ஒட்டும். இதையும் யோகன் சொல்லியிருந்தார்.

"குடிக்கிறானோ?" என்று தினமும் போனில் கேட்டார்.

"குடிக்கிறான், குடிக்கிறான்" என்று தினமும் புளுகினேன்.

விஷயம் தெரிந்த தோழிகள் வேறு, பால் வைத்துப் பாரேன், முட்டை வைத்துப் பாரேன் என்று ஆளாளுக்கு யோசனை. பாம்பு பால் குடிக்காது அம்மா தாயே, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும்!

ஐந்தாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஆசையாய் வளர்த்த உயிர், என் கையில் போய்விடுமோ? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூண்டுக்கு நேரே உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவனை முழுசாகப் பார்த்தேன்.

ரத்தினம் மெல்ல வந்தான். சட்டியைச் சுற்றி வளைந்து படுத்தான். நாக்கை நீட்டித் தண்ணீருக்கு மேலே ஆட்டினான். சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான், மறுபடி திருப்பினான். தாகம் இருக்கிறது. தண்ணீர்தான் பிடிக்கவில்லை.

அந்தத் தண்ணீரில் என்ன குறை?

பார்த்தே ஆக வேண்டும். ஆனால் சட்டியைச் சுற்றி அவன் படுத்திருக்கிறானே! இடுக்கி உதவாது. முருகா என்று கையை உள்ளே விட்டேன். தொட்டேன். வழவழவென்று, இதமான சூட்டோடு... இதற்கா இவ்வளவு பயந்தேன்? இரண்டு கையாலும் அவனை மெல்லத் தூக்கி நகர்த்திவிட்டு, சட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

சீரகம்!

அட கடவுளே. எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்தால் கை தானாக ஒரு ஸ்பூன் சீரகத்தைப் போடும். அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம். போட்டதே எனக்கு நினைவில்லை, வாசமும் மூக்கில் ஏறவில்லை. நாக்காலேயே மோப்பம் பிடிக்கிறவனுக்கு ஏறாதா?

வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரம் எல்லாவற்றிலும் அதே வாசம். கல்யாணப் பரிசாக வந்து பெட்டியிலேயே கிடந்த பாத்திரத்தைப் பிரித்தேன். சட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவினேன். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, என் கையாலேயே உள்ளே வைத்தேன்.

ரத்தினம் வந்தான். நாக்கை நீட்டினான். முகவாயைத் தண்ணீரில் பதித்தான். தொண்டை ஏறி இறங்கியது... குடித்துக்கொண்டே இருந்தான். நான் தரையில் உட்கார்ந்து கைதட்டினேன். பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

நாலு நாளில் சட்டை உரித்தான். தலையிலிருந்து வால் வரை, கண்ணின் மேல்தோலும் சேர்ந்து, ஒரே துண்டு! யோகன் திரும்பி வந்து அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், புளுகையும் சேர்த்து.

"ரத்தினத்துக்கு ரசமே வைச்சனீர்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிறுத்தி, "நீர்... அவனைத் தொட்டனீரோ? உண்மையாவோ?" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

களைத்து வந்த மனுஷன் என்று ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. தயங்கித் தயங்கிப் புதுப் பாத்திரத்தைக் காட்டினார்.

"எனக்கும் ரத்தினத்தின்ர தண்ணியிலேயே தாருமன். இந்தச் சீரகம்... எனக்கு முதல்ல இருந்தே பிடிக்கேல்லை. நீர் ஆசையாத் தாறனீர் எண்டு சொல்லேல்லை."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாம்பு அஞ்சே நாளில் சொல்லிவிட்டது!