சின்னமுத்து ஊசியும் வாசல் காவலாளியும்

எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன்னர் ஸ்பானியப் பூசை நடக்கும். வருபவர்கள் லத்தீன் அமெரிக்கர்கள். பலர் அலுவலகங்களைத் துப்புரவாக்குபவர்கள், ஒரே வீட்டை இரண்டு மூன்று குடும்பங்களாகப் பகிர்ந்துகொள்பவர்கள். அப்படியான வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, வந்தால் மற்றப் பிள்ளைகள் தப்புவது கடினம். லண்டனில் எங்கள் லூயிஷாம் பகுதியில் அது பரவத் தொடங்கியதும் பங்கு மண்டபத்தில் தடுப்பூசி போட ஏற்பாடாயிற்று. நான் கவுன்சிலின் சுகாதாரப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவன். விதிகள் எல்லாம் மனப்பாடம் என்பதால் என்னையும் ஒரு கதிரையில் இருத்தினார்கள்.

பூசை முடிந்தது. சனம் பக்கக் கதவால் நழுவியது. நேர்ஸ்மாரும் நானும் பிஸ்கட் தட்டைக் காவல் காத்தோம்.

எக்குவடோரைச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் ஒன்றரை வயது மகளோடு நடையில் தயங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில தாய்மார். அவளுடைய வீட்டு மேல்மாடிப் பிள்ளை சின்னமுத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது.

"பாஸ்போர்ட் கேட்பீர்களா?"

"கேட்கமாட்டோம். விசாவும் கேட்கமாட்டோம். அதுதான் விதி."

"வாசலில் நிற்கிறவருக்கும் அந்த விதி தெரியுமா?"

வாசலில் நின்றவருக்குக் கறுப்பு ஜாக்கெட், தோளில் வாக்கிடோக்கி; விசா இல்லாதவர்களைப் பிடிக்க வரும் குடிவரவு அதிகாரியைப் போலவே இருந்தார். ஊசியை ஒருவரும் திருடப்போவதில்லை. ஆனாலும் நடைமுறைப்படி ஒரு காவலாளி வேண்டும். யாழ்ப்பாணத்து ஆள்தான். அவரிடம் போனேன்.

"தம்பி, உந்த ஜாக்கெட்டைக் கழட்டும். சனம் பயப்படுது."

"கழட்டினா வேலை போயிடும், அண்ணை. நீங்கள் பென்சன்காரர், உங்களுக்கென்ன! பயப்படும்தானே. எனக்கு அகதிக் கேஸ் முடியாத காலத்திலை பஸ் டிரைவரின்ரை தொப்பியைக் கண்டாலே மற்றப் பக்கம் போவன்."

அகதிகளோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. விதி நல்லதாக இருந்தால் போதும் என்றே நினைத்திருந்தேன்.

"நீர் சின்னமுத்து ஊசி போட்டனீரோ?"

"ஆர் கண்டது? சண்டைக்குள்ளை பிறந்தனான்."

"அப்ப உள்ளை வாரும். பெரியாக்களுக்கும் போடலாம்."

"ஐயோ அண்ணை, எனக்கு ஊசி ஏலாது!"

ஏலாதவரை இழுத்து இருத்தினேன். ஜாக்கெட் ஒரு தோளால் இறங்கியது. ஊசி தொட முன்னரே போட்ட கத்தலில் நடையில் நின்ற தாய்மார் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் உள்ளே வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். நேர்ஸ் பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் கேட்டார். குழந்தை காவலாளியைவிடக் குறைவாகவே அழுதது. அவர் ஜாக்கெட்டை இழுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

மற்றத் தாய்மார் இன்னும் அசையவில்லை. அந்தப் பெண் மகளோடு முன்வாசலால், அந்தக் கறுப்பு ஜாக்கெட்டைக் கடந்து, வீதியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை ஒருவரும் மறிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒருத்தி தன் பிள்ளையின் குளிர்ச்சட்டையைக் கழற்றத் தொடங்கினாள்.