தேருக்கு முதல் நாள் எழுதிய கமெண்ட்

மாத்தளையில் தேருக்கு முதல் நாள், எங்கள் ஊர் முகநூல் குழுவில் நஸீர் என்பவர் எழுதியிருந்தார்: "தேர் நம்ம தெருவுக்கு வரும்போது மேளத்த மெதுவா அடிங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்" என்று கீழே எழுதினேன்.

மறுநாள் தேருக்குப் பின்னால் அந்தத் தெருவுக்குள் நடந்தேன். ஒரு வாசலில் தொப்பி அணிந்த ஒருவர் எல்லோருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். மேளம் சட்டென்று தணிந்தது. ஏன் என்று அவரிடமே கேட்டேன்.

"பக்கத்து வீட்டு மாலா அக்காவுக்குப் பிள்ளை கிடைச்சு நாலு நாள்தாங்க. அவங்க குழுவுல கேட்டத யாரும் பாக்கல்ல போல. அதான் நானும் போட்டேன்" என்றார்.

நான் பார்த்திருந்தேன். அதற்கு இதயக்குறியும் போட்டிருந்தேன். இவருடையதில்தான், பெயரைத் தாண்டி நான் வாசிக்கவே இல்லை.